தவவீரர் வேடமும் பகடைக் கணக்கும்

தொல்காப்பியர் புறத்திணையியலில் வாகைத்திணையை வகுத்தபொழுது போர்க்களத்து வெற்றியை மட்டும் அதனுள் அடக்கினாரல்லர். அரசர்க்குரிய பக்கத்தோடு அறிவர்க்குரியதும் தவஞ்செய்வார்க்குரியதும் அத்திணையின் ஏழு வகைகளுள் இடம்பெற்றுள்ளன. வாளினாற் பிறரை வெல்பவனும் நோன்பினால் தன்னை வெல்பவனும் ஒரே பூவைச் சூடுதற்குரியர் என்பது அவ்வகுப்பின் உட்கிடை. இவ்விரண்டு வெற்றியும் ஒருவனிடத்திலேயே கூடுமாயின் அவனை யாம் தவவீரன் என்று அழைக்கலாம். பரசுராமனும் வீடுமனும் அத்தகையர். வில்லை ஒருபுறம் வைத்துவிட்டுக் கயிலைச் சாரலிலே ஒற்றைக் காலில் நின்ற அருச்சுனனோ அவ்வகையார் எல்லார்க்கும் தலையாயவன்.

இத்தவவீரன் இந்நாளில் எதிர்பாராத ஓரிடத்திற் காணப்படுகின்றான். கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இளைஞர் சிலர் ஒரு மேசையைச் சூழ்ந்திருந்து, தாளும் கரிக்கோலும் பகடையும் கொண்டு, விண்வெளிக் கதையொன்றில் வரும் தவவீரராகத் தம்மைப் பாவித்து ஆடுகின்றனர். இவ்வாட்டத்தைப் பொழுதுபோக்கென்று தள்ளிவிடுவாரும் உளர். மேனாட்டார் வழக்கைக் கண்மூடிப் பின்பற்றுதல் என்று கடிவாரும் உளர். இவ்விரு சாராரும் ஆட்டத்தை இருந்து பார்த்தவராகத் தோன்றவில்லை. நாடகத்துக்கும் கூத்துக்கும் நாம் இடும் அதே கேள்வியை இதற்கும் இட்டுப் பார்ப்பது தகும். அக்கேள்வியாவது, ஏற்ற வேடத்தின் இயல்பை இக்கலை வெளிக்கொணர்கின்றதா என்பதே.

ஆட்டத்தை அறியாதார் பொருட்டுச் சில சொல்லவேண்டும். பாத்திரமேற்று ஆடும் மேசையாட்டம் என்னும் இவ்வகை, அமெரிக்காவிலே 1974ஆம் ஆண்டு கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தோடு தொடங்கியது. பொம்மைப் படைகளை மேசைமேல் நகர்த்திப் போர் விளையாடுவோரிடையே அது பிறந்தது. படையை நடத்துவதை விடுத்து ஒவ்வொருவரும் ஒரு வீரனாகவே இருந்து பார்ப்போம் என்று அவர்கள் எண்ணிய எண்ணமே இதன் வித்து. ஆடுவோருள் ஒருவர் ஆட்டத்தலைவர். உலகத்தைச் சொல்லிக் காட்டுவதும், பகைவராகவும் வழிப்போக்கராகவும் பேசுவதும், ஐயம் வந்தவிடத்துத் தீர்ப்புக் கூறுவதும் அவர் தொழில். ஏனையோர் தத்தம் பாத்திரம் யாது செய்கின்றது என்று சொல்வர். செய்கை அரிதாயின் பகடை உருட்டி முடிவு காண்பர். அரங்கு இல்லை, உடை இல்லை, பார்வையாளரும் இல்லை. சொல் ஒன்றே உண்டு.

ஜோர்ஜ் லூக்காசின் 'ஸ்டார் வோர்ஸ்' திரைப்படம் 1977இல் வெளிவந்தது. அதில் வரும் ஜெடாய் என்னும் குழுவினர் ஒளிவாள் ஏந்திய துறவிகள். உயிர்கள் அனைத்தையும் பிணித்து நிற்கும் பேராற்றல் ஒன்றினை மனவொடுக்கத்தால் உணர்ந்து அதனைக் கையாள்பவர். அவ்வாற்றலுக்கு இருட்பக்கமும் உண்டு. சினத்தாலும் அச்சத்தாலும் அதனை அழைப்பவன் விரைவில் வலிமை பெறுவான், தன்னை இழப்பான். இக்கதையுலகை மேசையாட்டமாக்கி 1987ஆம் ஆண்டு வெஸ்ட் எண்ட் கேம்ஸ் நிறுவனம் வெளியிட்டது. விதிகளை வகுத்தவர் கிரெக் கோஸ்டிக்கியன். உரிமை பின்னர் வேறு நிறுவனங்களின் கைக்கு மாறி, 2000இலும் 2007இலும் புதிய விதிநூல்கள் தோன்றின. 2015இல் ஃபேண்டசி ஃபிளைட் கேம்ஸ் வெளியிட்ட 'ஃபோர்ஸ் அண்ட் டெஸ்டினி' என்னும் நூலோ தவவீரர் வேடத்துக்கென்றே எழுதப்பட்டது. அந்நிறுவனமே 1987ஆம் ஆண்டின் மூலநூலை 2018இல் மீளப் பதிப்பித்தமையால், முப்பதாண்டு இடைவெளியுள்ள இரு விதிநூல்களையும் இன்று அருகருகே வைத்து ஒப்புநோக்க இயலுகின்றது. நடுவில் வந்தவற்றை ஈண்டு விடுகின்றேன். இங்கு ஆராயும் பொருளுக்கு அவை புதிதாக ஒன்றும் தரவில்லை.

வேடத்தை அளக்கும் கோல் யாது? அதனை வெளியே தேடவேண்டியதில்லை. மெய்ப்பாட்டியலில் பெருமிதமும் வெகுளியும் தனித்தனி மெய்ப்பாடுகளாக வைக்கப்பட்டுள்ளன. பெருமிதம் அஞ்சாமையால் மட்டும் பிறப்பதன்று. கற்றறிவும் கொடுக்கும் மனமும் புகழும் அதற்கு நிலைக்களன்கள். வெகுளியோ தனக்கும் தன் குடிக்கும் தீங்கு நேர்ந்தவிடத்துப் பொங்குவது. இரண்டும் வாளேந்திய கையில் ஒன்றுபோலவே தோன்றும். பார்ப்பவனுக்கு மட்டுமன்றி, ஏந்தியவனுக்கும் அவ்வாறே தோன்றும் என்பதுதான் இடர். பெருமிதம் எந்தக் கணத்தில் வெகுளியாகத் திரிகின்றது என்று காட்டும் கலையே தவவீரன் வேடத்தைச் செம்மையாக ஆடிய கலையாகும். அவன் எத்தனை பேரை வீழ்த்தினான் என்பது சில்லறைச் செய்தி.

இனி 1987ஆம் ஆண்டு விதியைப் பார்ப்போம். பேராற்றலைக் கையாளும் திறன் அங்கே மூன்றாக வகுக்கப்பட்டுள்ளது: தன்னை அடக்குதல், பிறவற்றை உணர்தல், பொருளை மாற்றுதல். அடக்கம் முதலில் வைக்கப்பட்டிருத்தல் நோக்கத்தக்கது. எல்லாப் பாத்திரங்களுக்கும் ஆற்றற்புள்ளி ஒன்று உண்டு. அதனைச் செலவிட்டால் அச்சுற்று முழுவதும் உருட்டும் பகடைகள் இருமடங்காகும். உரிய தருணத்தில் வீரச்செயல் ஒன்றுக்காகச் செலவிட்டவனுக்கு அப்புள்ளி மீள்வதோடு மேலும் ஒன்று சேரும். தீமைக்காகச் செலவிட்டவனுக்கோ அது மீளாது, இருட்புள்ளி ஒன்றும் வந்து சேரும். கொடுமை செய்யுந்தோறும் இருட்புள்ளி ஏறும். அவ்வாறு ஏறும்பொழுது பகடை ஒன்று உருட்டப்படும். புள்ளி பெருகப் பெருகத் தப்புதல் அரிதாகும். பகடை கைவிட்டதாயின் அப்பாத்திரம் இருளில் வீழ்ந்ததாகக் கருதி, ஆடுபவன் கையிலிருந்து அதனை ஆட்டத்தலைவர் எடுத்துக்கொள்வார். அன்றுமுதல் அது பகைவருள் ஒன்று. அதன் பெயரும் வரலாறும் படைத்தவனுக்கு உரியனவல்ல.

2015ஆம் ஆண்டு நூல் இதனினும் நுண்மையாக எழுதப்பட்டது. ஒவ்வொரு தவவீரனுக்கும் ஐம்பதில் தொடங்கும் ஒழுக்க எண் உண்டு. பொய்க்கு இத்தனை, களவுக்கு இத்தனை, கொலைக்கு இத்தனை என முரண்புள்ளிகள் குறிக்கப்படும். அன்றைய ஆட்டம் முடிந்ததும் பத்துமுகப் பகடை ஒன்றை உருட்டுவர். விழுந்த எண் முரண்புள்ளியிலும் மிகுதியாயின் வேறுபாட்டளவு ஒழுக்கம் உயரும், குறைவாயின் தாழும். எழுபதைக் கடந்தவன் ஒளியின் உச்சத்தான். முப்பதினும் தாழ்ந்தவன் இருளைச் சார்ந்தவன். கேட்டவளவில் இது நீதியான ஏற்பாடு என்றே தோன்றும். யானும் முதலில் அவ்வாறே எண்ணினேன்.

அவ்வெண்ணம் மாறிய இடம் பேலியகொடை. களனி ஆற்றின் வடகரையில், பாலத்தின் பேரிரைச்சலும் மீன்சந்தையின் விடியற்கால ஆரவாரமும் சூழ்ந்த அவ்வூரிலே ஓர் இல்லத்தின் மாடியறையில் இளைஞர் ஐவர் வாரந்தோறும் கூடினர். (துறவும் கல்வியும் ஒருங்கே வளர்க்கும் வித்தியாலங்காரப் பிரிவேனா 1875இல் தொடங்கிய ஊர் அது என்பதை, துறவி வீரரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அவ்விளைஞருள் ஒருவரும் நினைவுகூரவில்லை.) பழைய நூலைக் கொண்டு சில மாதங்களும், புதிய நூலைக் கொண்டு சில மாதங்களும் ஆடினர். ஒரு மூலையில் இருந்து பார்க்க எனக்கு இடந்தந்தனர்.

புதிய நூலை ஆடிய நாளொன்றில் நிகழ்ந்தது இது. பேரரசின் ஒற்றன் ஒருவன் பிடிபட்டான். அவனிடமிருந்து செய்தி கறக்கவேண்டும். தவவீரனாக ஆடிய மாணவர் ஆட்டத்தலைவரைப் பார்த்து, "இவனை மிரட்டினால் எத்தனை புள்ளி அண்ணா? அடித்தால் எத்தனை?" என்று கேட்டார். விடை வந்தது. அவர் தாளில் ஏதோ கூட்டிக் கழித்து, "இன்றைக்கு இதுவரை ஒன்றுதான் இருக்கிறது; தாங்கும்" என்றார். மிரட்டினார்; செய்தி கிடைத்தது. முடிவில் பகடை எட்டுக் காட்டிற்று. அவருடைய தவவீரன் வந்த அளவிலும் தூயவனாக வீடு திரும்பினான். மேசையில் எவரும் இதனைத் தவறாக எண்ணவில்லை. விதிப்படி அது தவறுமன்று. ஆயின் அங்கே ஆடப்பட்டது தவவீரன் வேடமன்று, கடைக்கணக்கன் வேடம். தீமையின் விலை முன்னரே தெரிந்துவிட்டால் அது வாங்கத்தக்க பொருளாகிவிடுகின்றது. நல்ல பகடை விழுந்த நாளிற் சிறுமைகள் கழுவப்படுமாயின், மனம் எக்கணத்தில் திரிந்தது என்பதைக் கேட்பதற்கே இடமில்லாமற் போகின்றது.

நூலாசிரியர்க்கு நேர்மை செய்யவும் வேண்டும். அவ்வாட்டத்திற்குரிய ஆற்றற்பகடை பன்னிரண்டு முகமுடையது. ஏழு முகங்களில் இருட்குறியும் ஐந்து முகங்களில் ஒளிக்குறியும் உள. குறிகளை எண்ணினால் இருள் எட்டு, ஒளி எட்டு. இருள் அடிக்கடி வரும், சிறிதாக வரும். ஒளி அரிதாக வரும், வரும்பொழுது இரட்டித்து வரும். ஒளியை நாடும் வீரன் இருட்குறி விழுந்தபொழுது அதனைப் பயன்படுத்தக்கூடும். ஆயின் உடல் அயர்வும் முரண்புள்ளியும் ஏற்கவேண்டும். ஒரு மரப்பாவையைப் போன்ற சிறு கட்டையில் இத்துணைப் பெரிய கருத்தைச் செதுக்கியவர் யாவராயினும் அவர் கலைஞரே. கையில் இருப்பது இருள்தான், வேண்டுவது கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றது என்னும் நிலை மேசையில் பலமுறை உண்டாயிற்று. அவ்வேளைகளில் ஆட்டம் உயிர் பெற்றது. அப்பகடையைத் தந்த நூலே பின்னர் ஒழுக்கத்தைப் பேரேட்டில் எழுதச் சொன்னதுதான் வியப்பு.

பழைய நூலின் விதி முரடானது. நுணுக்கம் அதில் இல்லை. எனினும் அஃது ஒன்றை அறிந்திருந்தது. இதிகாசம் அறிந்திருந்ததும் அதுவே. பாரதத்தின் சௌப்திக பருவத்தை நினைவுகூர்க. இரவிலே துயின்ற பாசறையை அழித்த அசுவத்தாமனைப் பாண்டவர் துரத்திச் சென்று பிடிக்கின்றனர். அவன் பிரமசிரம் என்னும் படைக்கலத்தை ஏவுகின்றான். அருச்சுனனும் அதனையே எதிர் ஏவுகின்றான். உலகம் எரியும் என்று கண்ட வியாசரும் நாரதரும் இடையிலே வந்து நின்று இருவரையும் மீட்டுக்கொள்ளுமாறு கேட்கின்றனர். அருச்சுனன் மீட்கின்றான். நோன்பு வழுவாதவன் ஆதலின் அவனால் முடிந்தது. அசுவத்தாமனால் முடியவில்லை, கருவிலிருக்கும் குழந்தையின்மேல் அதனைத் திருப்பிவிடுகின்றான். இருவரும் ஒரே ஆசிரியரிடம் ஒரே மந்திரத்தைக் கற்றவர். ஏவும் வலிமையில் வேறுபாடில்லை. வேறுபாடு மீட்கும் வலிமையில் இருந்தது. அவ்வலிமை இருந்ததா இல்லையா என்பது அந்தக் கணம் வரை அசுவத்தாமனுக்கே தெரியாது.

கன்னன் கதையும் அத்தகையது. பொய்ப்பிறப்புச் சொல்லிப் பரசுராமனிடம் கற்ற வித்தை, மிக வேண்டிய வேளையில் மறந்துபோகும் என்பது அவன் பெற்ற சாபம். தேர்ச்சக்கரம் புதைந்து நின்ற பொழுதில் அது பலித்தது. அந்நாள்வரை அவன் எத்தனையோ கொடை கொடுத்தான். அக்கொடைகளைக் கூட்டிச் சாபத்திலிருந்து கழிக்க எந்தக் கணக்கனும் வரவில்லை. 1987ஆம் ஆண்டு விதியில் ஆட்டத்தலைவர் கையை நீட்டிப் பாத்திரத்தின் தாளை வாங்கிக்கொள்ளும் செயலில் அந்தச் சாபத்தின் சாயல் உண்டு. வேடம் ஆடுபவனுடைய உடைமையன்று; தகுதி உள்ளவரை அவனிடம் இருப்பது என்பதை அஃது உணர்த்துகின்றது.

கூத்தை அறிந்தவர்க்கு இக்கருத்துப் புதிதன்று. மட்டக்களப்புப் பகுதியில் வடமோடிக் கூத்துப் பழகுவோர் முதலிலே சட்டங்கொடுத்தல் என்னும் சடங்கை நடத்துவர். குரலும் உடற்கட்டும் பார்த்து, ஊரவர் முன்னிலையில், இன்னாருக்கு இன்ன வேடம் என்று அண்ணாவியார் பாட்டெழுதிய சட்டத்தைக் கையளிப்பார். வேடத்தைத் தானே தேர்ந்தெடுத்தவர் அங்கு இலர். பின்னர்க் கிழமைக்கூத்து, சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என மாதக்கணக்காகப் பழகி அரங்கேறுவர். 1962இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றியபொழுது, விடியும்வரை நீளும் களரிக் கூத்தை நகரத்தார் இருந்து பார்க்கும் அளவுக்குச் சுருக்கினார். ஆட்டத்தின் கட்டுக்கோப்பைக் குலைத்தாரல்லர். வீரன் களத்திலே எத்துணைக் கொதித்தாலும் அவன் கால் மத்தளத்தின் தாளத்தை மீறக்கூடாது. சினத்தை ஆடுபவன் சினந்தானாயின் அடி பிழைக்கும். பிழைத்தால் அண்ணாவியாரின் கண் அவன்மேல் விழும். வெகுளிக்குக் கூத்து இட்ட கடிவாளம் அத்தாளமே.

இன்னும் ஒருபடி மேலே செல்வது பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிற் சடங்கு. அங்கே அருச்சுனன் வேடம் பூண்டவர் தவநிலைச் சடங்கில் மரமேறித் தவஞ்செய்கின்றார். பாண்டவராக வருவோர் விழாக்காலத்தில் நோன்பிருக்கின்றனர். பேலியகொடையிலே தொடங்கும் புத்தளம் நெடுஞ்சாலை வழியே வடக்கே சென்று உடப்பூரை அடைபவர், ஆடிமாதத்தை ஒட்டி அவ்வூர்த் திரௌபதை அம்மன் விழாவில் தீமிதிப்பைக் காணலாம்; அதுவும் நோன்பின்றி இறங்கக்கூடாத தீ. இங்கெல்லாம் தவவீரன் வேடத்துக்குரிய தவம் வேடத்துக்கு வெளியே, ஆடுபவனது உணவிலும் உறக்கத்திலும் நிகழ்கின்றது. மேசையாட்டக்காரரை விரதமிருக்கச் சொல்வது நகைப்புக்கு இடமாகும். அவ்வாறு யான் சொல்லவும் இல்லை. வேடத்தின் அடக்கத்தை ஆடுபவனே ஒரு வகையிற் சுமக்காதவிடத்து, விதிநூல் எத்துணை நுண்ணியதாயினும் அதனைத் தன் தலைமேற் சுமத்த முடியாது என்பதே ஒப்புமையாற் பெறப்படுவது.

கூத்துக்கும் மேசையாட்டத்துக்கும் பெரிய வேறுபாடொன்று உண்டு. கன்னன் இறப்பான் என்பதைக் களரியைச் சூழ்ந்திருக்கும் குழந்தையும் அறியும். தெரிந்த முடிவை நோக்கி எவ்வாறு நடந்தான் என்பதே கூத்தின் சுவை. மேசையிலோ முடிவை ஒருவரும் அறியார். அதனால் அங்கே தவறு உண்மையாகவே நிகழக்கூடும். இது குறையன்று, கூத்துக்கு வாய்க்காத ஒரு பேறு என்றே கருதுகின்றேன். அருச்சுனன் வேடத்தார் வேடனோடு மற்போர் செய்து தோற்பது விதி. அவர் தோல்வியைப் பழகியிருக்கின்றார். மேசையில் இருக்கும் மாணவர் தம் தோல்வியைப் பழகியிருக்கவில்லை.

ஆட்டமொழியைப் பற்றியும் ஒரு குறிப்பு. அவ்விளைஞர் விதிகளை ஆங்கிலத்தில் வாசித்தனர். ஆங்கிலமும் தமிழும் கலந்து பேசினர். ஆயின் நெருக்கடி வந்தபொழுது பேச்சு தமிழுக்கு வந்தது; அங்கேதான் நம் மொழியின் இயல்பொன்று பயன்பட்டது. தொடக்கத்தில் அவர்கள் "என்ர ஆள் கதவடியில நிக்கிறான்" என்று படர்க்கையிலே சொல்வர். கதை இறுகியதும், தாமறியாமலே, "நான் வாளை எடுக்கிறன்" என்று தன்மைக்கு மாறுவர். வினைமுற்றின் ஈறு அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். கூத்திலும் வீரன் வரவுப்பாட்டிலே தன்னைப் படர்க்கையில் வைத்து இன்னான் வந்தான் என்று பாடிக்கொண்டு நுழைந்து, பின்னரே தானாகிப் பேசுகின்றான். வேடம் ஒருவன்மேற் படிகின்ற கணத்தைக் காது கொடுத்துக் கேட்கலாம் போலும். புதிய நூலின்படி புள்ளி கேட்ட மாணவர் கடைசிவரை படர்க்கையிலேயே பேசினார் என்பதையும் சேர்த்து எண்ணுக.

இவ்வாட்டத்தைப் புகழ்வார் சிலர், ஜெடாய் என்பது நம்முடைய யோகியே, நம் பொருள் வேற்றுடையில் நமக்கே திரும்பி வந்துள்ளது என்பர். இப்பெருமை எனக்கு உவப்பானதன்று. லூக்காஸ் பல இடங்களிலும் கொண்டார். யப்பானிய நெறியாளர் அகிரா குரொசாவாவின் 1958ஆம் ஆண்டுத் திரைப்படமான 'மறைந்த கோட்டை'க்கு அவர் பட்ட கடன் வெளிப்படை. துறவும் வாளும் ஒருவனிடம் கூடும் கனவு பல நாட்டாரும் கண்டது. அதனை நம்முடையதென்று உரிமை கொண்டாடுவதைவிட, நம்மிடமுள்ள அளவுகோலால் அதனை அளந்து பார்ப்பதே பயனுடைத்து.

இன்னொரு தடையோ எளிதில் தள்ளத்தக்கதன்று. வாளேந்தி ஆடும் விளையாட்டு நமக்கு ஏன் என்று மூத்தோர் ஒருவர் என்னைக் கேட்டார். 1983 முதல் 2009 வரை இந்நாடு கண்ட போரில் இழக்காத குடும்பம் நம்மிடையே அரிது. வீரம், தியாகம், களம் என்னும் சொற்கள் பிற நாட்டார் காதில் விழுவதுபோல் நம் காதில் விழுவதில்லை. அவர் கேட்டதற்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. பின்னர் அந்த மாடியறையில், பழைய நூலைக் கொண்டு ஆடிய ஒரு மாலையில் நான் கண்டதைத்தான் அவருக்குச் சொன்னேன்.

அந்நூலிலே தரப்பட்டுள்ள பாத்திர வகைகளுள் 'தோற்ற ஜெடாய்' என்று ஒன்று உண்டு: தன் நெறியிலிருந்து வழுவி, குடியில் வீழ்ந்து, முதுமையடைந்தவன். இளைஞருள் மிகவும் அமைதியானவர் அதனை ஏற்றிருந்தார். பல வாரங்களாக அவருடைய கிழவன் வாளையே எடுக்கவில்லை. அன்றைய கதையில், குடியிருப்பு ஒன்றை மக்களோடு எரித்த படைத்தலைவன் அகப்பட்டான். அவன் ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டுக் கைகளை உயர்த்தினான். ஆட்டத்தலைவர் அவன் குரலில், தனக்கு இட்ட கட்டளையைத்தான் செய்ததாகச் சொன்னார். மேசை அமைதியாயிற்று. குடியை அழித்தது கண்டு எழும் வெகுளியைத் தொல்காப்பியம் தனியே குறித்திருக்கின்றது என்பதை நான் அப்பொழுது நினைத்துக்கொண்டேன்.

மாணவர் புள்ளியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தாளைப் பார்க்கவும் இல்லை. "நான் வெட்டுறன்" என்றார். குரல் உயரவில்லை. ஆட்டத்தலைவர் அவரை ஒருமுறை உறுத்து நோக்கி, பகடையை அவர் முன்னே தள்ளினார். அது விழுந்தவிடத்து நின்றது. ஒருவரும் பேசவில்லை. ஆட்டத்தலைவர் கையை நீட்டினார். மாணவர் தாளை மடியாமல், இரு கையாலும், கொடுத்தார். சட்டம் வாங்குபவர் அண்ணாவியார் முன்னே நிற்பதுபோல இருந்தது, திசைமட்டும் மாறி.

பேச்சு மீண்டும் தொடங்க நெடுநேரம் ஆயிற்று. தொடங்கியபொழுது அஃது ஆட்டத்தைப் பற்றியதாக இல்லை. ஒருவர் தம் மாமனாரைப் பற்றிச் சொன்னார். வெட்டியது சரிதான் என்றார் ஒருவர். சரியாக இருந்தாலும் கிழவன் போய்விட்டானே என்றார் இன்னொருவர். அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையிலுள்ள தொலைவை அளக்க வேறு எந்தக் கலையும் அவர்களுக்கு அத்துணைப் பாதுகாப்பான இடம் தந்திருக்குமோ என்று ஐயுறுகின்றேன். மேடையில் அது சொற்பொழிவாகியிருக்கும், தெருவில் சண்டையாகியிருக்கும்.

மூன்று வாரங்கழித்து அம்மாணவர் புதிய பாத்திரமொன்றோடு வந்தார். படகு செலுத்தும் சிறுபெண் ஒருத்தி, வாள் அறியாதவள். அன்றைய கதையின் முடிவில் துறைமுகத்தில் பகைவர் தலைவனாக எதிர்ப்பட்டவன் அக்கிழவனே. ஆட்டத்தலைவர் வாயில் அவன் பேசினான். மாணவர் தாம் படைத்த குரலைப் பிறர் வாயிலே சிறிதுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஐயா, உங்களுக்குச் சாப்பிட ஏதும் வேணுமோ எண்டு கேக்கிறன்" என்றார். கிழவன் என்ன விடை சொல்வான் என்பது ஆட்டத்தலைவருக்கும் தெரியவில்லை போலும். அவர் பகடையை எடுத்து உருட்டாமலே கையில் வைத்திருந்தார். புறக்கோட்டைக்குப் போகும் கடைசிப் பேருந்தின் நேரம் நெருங்கிவிட்டமையால் அன்றைய ஆட்டம் அவ்வளவில் நின்றது.